பச்சை மூடி டியூபும் வெள்ளைப் பூவும்

எங்கள் தொழிலில் நல்ல சேதி சொல்ல டாக்டர் இருக்கிறார், கெட்ட சேதி சொல்லவும் அவரே இருக்கிறார். "ரிப்போர்ட் இன்னும் வரலைங்க" என்று சொல்லி ஏச்சு வாங்குவதற்கு மட்டும்தான் லேப் டெக்னீஷியன். தருமபுரியில் ஒரு தனியார் லேபில் பதினாறு வருஷமாக அந்த ஏச்சை வாங்கிக்கொண்டிருக்கிறேன். பெயர் ஸ்டெல்லா. வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், லேபிலும் சொல்வார்கள்.

நீங்களும் ஏதாவது ஒரு லேப் பெஞ்சில் உட்கார்ந்து, கவுன்டரையே பார்த்துக்கொண்டு, கையில் சீட்டைக் கசக்கிக்கொண்டு இருந்திருப்பீர்கள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவளுக்கும் அதே தவிப்பு உண்டு என்றால் நம்பமாட்டீர்கள். அதனால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். சர்க்கரை, உப்பு, கொழுப்பு எல்லாம் அன்றைக்கே சொல்லிவிடுவோம். எலும்பு மஜ்ஜை டெஸ்ட் மட்டும் வேறு ரகம். அதில் மாட்டியவர்களும் வேறு ரகம்.

நாலு சொட்டு

வாரம் ஒருமுறை, சனிக்கிழமை, ரத்த நோய் டாக்டர் ஒருவர் வெளியூரிலிருந்து எங்கள் கட்டடத்து ஆஸ்பத்திரிக்கு வருவார். யாருக்காவது ரத்தம் ஊறாமல் குறைந்துகொண்டே போனால், ரத்தம் உற்பத்தியாகும் இடத்தையே பார்த்துவிடுவோம் என்று மஜ்ஜை எடுப்பார். குப்புறப் படுக்க வைத்து, இடுப்புக்குப் பின்னால் மரத்துப்போக ஊசி போட்டு, எலும்புக்குள் இன்னொரு ஊசி இறக்கி உறிஞ்சுவார். பக்கத்தில் டியூபோடு நிற்பது நான்.

பாலக்கோட்டு லாரி டிரைவர் ஒருவர் வந்தார். ஆறடி ஆள். மஜ்ஜை என்றால் என்ன என்று கேட்டார். எனக்கு அன்று அவசரம். "நல்லி எலும்புக்குள்ள இருக்குமே, அதுதாங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் பக்கம் இதற்கு நல்லி டெஸ்ட் என்றே பெயராகிவிட்டது, பாவம் என்னைத்தான் சேரும். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். எல்லாம் முடிந்து எழுந்து உட்கார்ந்து, என் கையிலிருந்த டியூபை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இந்த நாலு சொட்டுக்கா மேடம் இத்தனை பாடு? எங்கூட்டுல ஆட்டுக்காலத் தட்டுனாலே இதுக்கு மேல வருங்களே."

குறைந்த மார்க்

எடுத்த மஜ்ஜையில் ஒரு பாதியைக் கண்ணாடித் தகட்டில் தடவி நாங்களே பார்ப்போம். மறுபாதி பெங்களூருக்குப் போகும். அங்கே உயிரோடு இருக்கும் செல்களை வளரவிட்டு, குரோமோசோம்களை எண்ணி, எதில் என்ன பழுது என்று எழுதி அனுப்புவார்கள். பேப்பரில் இதற்குப் பயோமார்க்கர் என்று போட்டிருக்கும். நான் அடையாளம் என்று சொல்வேன். ஒரே நோய்தான், ஆனால் இந்த அடையாளம் இருந்தால் மெதுவாகப் போகும், அந்த அடையாளம் இருந்தால் வேகமாகப் போகும், இன்னொன்று இருந்தால் இந்த மருந்து கேட்கும். எல்லாவற்றையும் கூட்டி டாக்டர் ஒரு மதிப்பெண் போடுவார்.

ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருவர், மதிப்பெண் குறைவு என்று கேட்டதும் கவுன்டரில் வந்து சண்டைக்கே நின்றுவிட்டார். மறுகூட்டலுக்கு எங்கே எழுதிப் போடணும் என்றார். ஐயா, இதில் குறைய வாங்கினால்தான் பாஸ், நிறைய வாங்கினால்தான் ஆபத்து என்று நான் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவைதான் உறைத்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். நான் பார்க்காத மாதிரி கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"முப்பத்திரண்டு வருசம் பசங்கள இதுக்காகப் போட்டு அடிச்சிருக்கேம்மா. கொறஞ்ச மார்க்குக்கு இவ்வளவு சந்தோசம் வரும்னு யாருமே சொல்லல."

மாதம்மா வந்த நாள்

மேலே சொன்னதெல்லாம் சும்மா ஒரு முன்னோட்டம். மாதம்மா கதைதான் என் நெஞ்சில் உட்கார்ந்திருப்பது. ஏரியூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஐம்பத்தெட்டு வயது. வீட்டுக்காரர் பெயர் சின்னசாமி. ரெண்டு பேருமாக ஒரு ஏக்கரில் சாமந்தி போட்டிருக்கிறார்கள். விடியும் முன்னே பூப்பறித்து மூட்டை கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்பும் பொம்பளை, பத்து அடி நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டால்தான் எழுந்து நடக்க முடியும் என்ற நிலைக்கு வந்திருந்தார். மஜ்ஜை எடுக்காமல் இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த அம்மா பேசுவார், பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். வீட்டுக்காரர் வாயே திறக்கமாட்டார். பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு ஓரமாக நிற்பார். ஊசிக்குச் சம்மதமா என்று கேட்டு நான் கையெழுத்துக்குப் பேப்பரை நீட்டினேன். ஊரில் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாகிவிட்டது என்றார் மாதம்மா. உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம்: ஒரு பொட்டணத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ, ரெண்டையும் வெளியே தெரியாமல் சுற்றிச் சாமி முன்னால் வைத்து, யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. பொட்டணம் கட்டியது சின்னசாமி.

எத்தனையோ சம்மதப் பேப்பரில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இப்படி ஒரு சம்மதத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் முழித்தேன். மாதம்மா கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"வெள்ளைதான் வந்துச்சு கண்ணு. நீ தைரியமா குத்து."

கல்லுப்பு

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கூரியர்க்காரர் வரமாட்டார். திங்கட்கிழமை வரை வைத்திருந்தால் செல் செத்துப்போகும். அதனால் மஜ்ஜை இருக்கும் பச்சை மூடி டியூபைச் சின்னத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவோம். அங்கே லேப் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். வருஷக்கணக்காக நடக்கும் ஏற்பாடு. அன்று ஒகேனக்கல்லிலிருந்து வந்த பஸ். வைகாசி வெயில். "சூடாகாம பாத்துக்கங்கண்ணா, ஒரு உசுரு சமாச்சாரம்" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதில் பாதியைத்தான் சொன்னேன் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. சூடும் ஆகக் கூடாது, ஐஸும் படக் கூடாது. உறைந்தால் செல் போச்சு.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து போன். "மேடம், டியூப் கல்லு மாதிரி இருக்கு. மீன் வாசம் வேற அடிக்குது." உடனே கண்டக்டருக்குப் போன் போட்டேன். மனிதர் ரொம்பப் பெருமையாகச் சொன்னார். இன்ஜின் பக்கத்தில் இருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தாராம், சுட்டதாம். பெங்களூரில் விருந்துக்கு ஆற்று மீன் கொண்டுபோன ஒரு குடும்பம் பெரிய ஐஸ் பெட்டி வைத்திருந்ததாம். அவர்களிடம் கெஞ்சிக் கேட்டு, டியூபை ஒரு பாலிதீன் கவரில் சுற்றி அந்த ஐஸுக்குள் வைத்து, இறங்கும் முன் எடுத்துத் துடைத்து நம் பெட்டியில் மறுபடி போட்டுக் கொடுத்தாராம். அந்த மனுஷனை நான் என்னவென்று திட்டுவது? உசுரு சமாச்சாரம் என்று சொன்னவள் நான்தானே.

பெங்களூர்க்காரர்கள் வளர்த்துப் பார்க்கிறோம், பதினைந்து நாள் பொறுங்கள் என்றார்கள். அன்றைக்கே மாதம்மாவைக் கூப்பிட்டு இப்படி ஆகிவிட்டது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எப்படியாவது வளர்ந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன். உப்புச் சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிடக் குளிரும், உள்ளே இருப்பதை உறைய வைத்துவிடும்; அதனால் கண்டக்டர் கடைசியாகச் சொன்னதுதான் அந்தப் பதினைந்து நாளும் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐஸு சீக்கிரம் கரையக் கூடாதுன்னு கல்லுப்பு வேற போட்டிருந்தாங்க மேடம். நல்லா அடியில பொதைச்சு வெச்சேன்."

வளரவில்லை

வளரவில்லை. செல்கள் எதுவும் வளரவில்லை, முடிவு சொல்ல இயலாது என்று ஒரே வரியில் ரிப்போர்ட் வந்தது. வாட்சப்பில் மாதம்மா வீட்டுப் போனுக்கும் போய்விட்டது. அவர்கள் அதை ஏரியூரில் மருந்துக்கடைக்காரரிடம் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் இருந்ததைப் படித்திருக்கிறார். நான் போன் பண்ணி, இன்னொரு தடவை எடுக்கணும் வாங்க என்று கூப்பிட்டபோது மாதம்மா வந்தார், ஆனால் ஊசிக்கு வரவில்லை. வரமுடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகத்தான் ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அடையாளம் தெரிந்தால் மாத்திரையா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்று முடிவு பண்ணலாம். தெரியாவிட்டால் ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், அதையும் ஒரு கட்டத்தில் உடம்பு ஏற்றுக்கொள்ளாது. மாதம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். சாதாரணமாக, பூ விலை சொல்கிற மாதிரிதான் பேசினார். சின்னசாமி பைலை அணைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் எலும்புக்குள்ள வளர ஒண்ணுமில்லன்னு பதில் வந்துருச்சுல்ல. ஒரு கேள்விக்கு ரெண்டு தரம் பூக்கட்டக் கூடாது கண்ணு, ஆத்தா கோவிச்சுக்குவா."

ஓனர் சொன்ன வழி

அன்று மதியம் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு ஓனர் அறைக்குப் போனேன். எங்கள் ஓனர் கெட்டவர் இல்லை. பயந்தவர். மீன் பெட்டி விஷயம் முழுவதையும் சொன்னேன். அவர் நாற்காலியில் இப்படியும் அப்படியும் சுழன்றார். பஸ்ஸில் அனுப்புவது வெளியே தெரிந்தால் எத்தனை பேர் நம்மிடம் வருவார்கள் என்று யோசி என்றார்.

அந்த அம்மா தன் கதை முடிந்துவிட்டதாகவே முடிவு கட்டிக்கொண்டு போயிருக்கிறார் சார் என்றேன். மாதிரி போதவில்லை, அதனால் மறுபடி எடுக்கிறோம் என்று சொல்லிவிடு என்றார். அதுவும் ஒரு பதில்தான். ஆனால் மாதிரி போதவில்லை என்றால் குறை மறுபடி அந்த அம்மாவின் எலும்பு மேல்தான் போய் விழும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். காதில் வைக்கும் முன் ஒன்று சொன்னார்.

"எல்லா லேபுலயும் அப்படித்தான் எழுதறாங்க ஸ்டெல்லா, நீ ஒருத்தி புதுசா எதையும் ஆரம்பிக்காத."

என்ன மீன்

அடுத்த வாரம் ரத்தம் ஏற்ற மாதம்மா வந்து மேல் மாடி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். படியேறிப் போனேன். பதினாறு வருஷத்தில் ஊசியோடு ஏறியிருக்கிறேன், சீட்டோடு ஏறியிருக்கிறேன், வெறுங்கையோடு ஏறியது அதுதான் முதல் தடவை. வேலை போனால் போகட்டும் என்று தைரியமாக நினைத்ததாக எழுத ஆசைதான், ஆனால் நினைக்கவில்லை. போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் ஏறினேன்.

"ம்மா, மொதல் தரம் உங்க பூவு சாமிகிட்டயே போய்ச் சேரலீங்க. பாதி வழியில மீன் பெட்டிக்குள்ள போயிடுச்சு. தப்பு உங்க எலும்புல இல்ல, நான் சரியா சொல்லி அனுப்பல" என்று ஆரம்பித்து, கல்லுப்பு வரைக்கும் சொல்லி முடித்தேன். அந்த அம்மா ரத்தம் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன மீனு என்று கேட்டார். கெண்டை என்றார்கள் என்றேன்.

அப்புறம் வந்தது பாருங்கள். கத்தவில்லை, குரலே உயரவில்லை. "தெரிஞ்சே இத்தன நாளு வாய மூடிக்கிட்டு இருந்தியா நீ? நான் படுத்தா காலையில எந்திரிப்பனான்னு இருந்தேன். என் சீலைய எல்லாம் மடிச்சு எடுத்து வெச்சேன். எங்கூட்டுக்காரரு ஒழுங்கா ஒரு வேளை சோறு திங்கல. அதுக்கு என்ன சொல்ற நீ?" என்றார். கண்ணீர்தான் வந்தது. அவமானமாக இருந்தது. வெளியே வராந்தாவில் நின்ற சின்னசாமி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். மாதம்மா ஊசி போடாத கையை நீட்டி என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார்.

"அழாத, போ. சனிக்கிழமை வர்றேன், நீயே பக்கத்துல நில்லு."

பிரிக்காத பொட்டணம்

சனிக்கிழமை வந்தார்கள். முதல் தரம் கேட்டது போய்ச் சேரவில்லை என்றால் இது புதுக் கேள்வி. புதுக் கேள்விக்குப் புதுப் பொட்டணம் கட்டணும் என்றார் மாதம்மா. எங்கே? இங்கேயேதான். எங்கள் லேப் சுவரில் மருந்துக் கம்பெனி கொடுத்த காலண்டரில் ஒரு மாரியம்மன் இருக்கிறாள். அவள் முன்னால் பிரின்டர் மேசையைக் காலி பண்ணச் சொல்லி, சின்னசாமியைப் பார்த்தார். அவர் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ரெண்டு பொட்டணத்தை எடுத்து வைத்தார். வீட்டிலேயே கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஈரத்தில் பேப்பர் கறுத்திருந்தது. நீ எடு என்று மாதம்மா என்னைச் சொன்னார். எனக்குச் சாமி வேறம்மா, நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள் என்றேன். எடுக்கப்போறது கையிதான கண்ணு என்று சொல்லிவிட்டார்.

கிளவுஸைக் கழற்றிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, இடது பக்கத்துப் பொட்டணத்தை எடுத்தேன். மடிப்பு மடிப்பாகப் பேப்பரைப் பிரித்தேன். வெள்ளைச் சாமந்தி. மாதம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு நேராகப் போய்க் குப்புறப் படுத்துவிட்டார். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்த டெஸ்ட் செய்தாலும், பதில் தெரிந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, டெஸ்ட் சரியாக நடந்ததா என்று உறுதி பண்ணிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில் என் கை தானாக ரெண்டாவது பொட்டணத்துக்குப் போனது. பின்னாலிருந்து குரல் வந்தது. இத்தனை நாளில் சின்னசாமி என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"அத மட்டும் பிரிக்காதீங்க மேடம்."

மடியில் பெட்டி

இந்த முறை பெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டு பெங்களூர் கிளம்பினேன். ஓனரிடம் லீவு கேட்டபோது அவர் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். (ரெண்டு வாரம் கழித்து எல்லாப் பெட்டிக்கும் ஒட்ட, ஐஸ் வைக்கக் கூடாது என்று சிவப்பில் ஸ்டிக்கர் அடித்து வந்தது. அவர் வழியில் அது ஒரு மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.) பெட்டியை மெல்லிய துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வெயில் படாமல் துப்பட்டாவால் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டு அம்மா பச்சைக் குழந்தை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிளம்பும் முன் மேசையிலேயே கிடந்த அந்த ரெண்டாவது பொட்டணத்தைக் கை கழுவும் இடத்தில் பிரித்துப் பார்த்துவிட்டேன். அதிலும் வெள்ளைச் சாமந்திதான் இருந்தது. சிவப்பு ஒரு இதழ்கூட இல்லை. வாயே திறக்காத அந்த மனுஷன் பெண்டாட்டி பிழைக்க வேண்டும் என்று சாமியையே ஏமாற்றியிருக்கிறார். கோபம் வரவில்லை. முதல் தரமும் இதே வேலைதான் பார்த்திருப்பார். கிருஷ்ணகிரி தாண்டும் வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார். அதே கண்டக்டர். பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நடந்தது எதையும் அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

"இன்னிக்கும் பின்னாடி மீன் பெட்டி ஒண்ணு வருது மேடம். ஐஸு வேணுங்களா?"

காணாமல் போன துண்டு

பதினைந்து நாள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நீங்கள் படும் பாட்டை இந்தப் பக்கம் நின்று பட்டேன். போன் அடித்தால் திடுக்கென்றது. சனிக்கிழமை காலையில் ரிப்போர்ட் வந்தது. செல் வளர்ந்திருந்தது. ஐந்தாவது குரோமோசோமில் ஒரு துண்டைக் காணோம், மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சொல்ல வேண்டியது டாக்டர், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். "குரோமோசோம்ல ஒரு துண்டு இல்லம்மா" என்றார். சின்னசாமி கையிலிருந்த பைல் நழுவிக் கீழே விழுந்தது. இருக்கிறதில் ஒன்று இல்லாமல் போனால் அது எப்படிங்க நல்லது என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். டாக்டர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்: இந்த நோயில் எந்தத் துண்டு போயிருக்கிறது என்பதுதான் கணக்கு. வேற சில இடம் போயிருந்தால் கவலைப்படணும். இது மட்டும் தனியாகப் போனவர்களுக்கு நோய் மெதுவாகத்தான் போகும், அதுக்குன்னே ஒரு மாத்திரை இருக்கிறது, நிறையப் பேருக்கு நன்றாகக் கேட்கிறது. அடியோடு போய்விடும் என்று சொல்லமாட்டேன், அடிக்கடி வந்து ரத்தம் பார்த்துக்கொள்ளணும், ஆனால் வருஷக்கணக்கில் தோட்டத்துக்குப் போகலாம். எனக்குக் கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்தது. சின்னசாமி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மாதம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே டாக்டரைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப அந்தத் துண்டு எங்க போச்சுன்னு யாரும் தேட வேண்டாமுங்களே?"

இரண்டு வெள்ளை

மாத்திரை ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. முதல் ரெண்டு மாதம் ஆட்டிப் படைத்தது. உடம்பெல்லாம் அரிப்பு, ரத்த அணுக்கள் இறங்கி மாத்திரையை நிறுத்தி மறுபடி தொடங்கினோம். கடைசி பத்து வாரமாக ஒரு பாட்டில் ரத்தம்கூட ஏற்றவில்லை. போன சனிக்கிழமை ரத்தம் பார்க்க வந்தார். படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறி வந்து, மடி நிறையச் சாமந்தியை என் மேசையில் கொட்டினார். சின்னசாமி கீழே மொபெட்டை நிழலில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே. ரத்தம் எடுத்துக்கொண்டே, அன்னிக்குச் சிவப்பு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க என்று கேட்டுவிட்டேன். மாதம்மா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். "சிவப்பு எங்கருந்து வரும்? போர் போடறதுக்குப் பூக்கட்டினப்பவே இன்னொரு பொட்டணத்தப் பிரிச்சுப் பாத்துட்டேன். என்னைக் கல்யாணம் கட்டிக்கிட்டு வந்து ரெண்டு வருசம்கூட ஆவல அப்ப. நான் எதுக்கு ஆசப்பட்டாலும் அந்த மனுசன் ரெண்டுலயும் வெள்ளையத்தான் கட்டுவாரு" என்றார். ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்தேன்.

அப்புறம் எதற்கு ரெண்டாந்தரம் கட்டக் கூடாது, ஆத்தா கோவிச்சுக்குவா என்றெல்லாம் சொன்னீங்க என்று கேட்டேன். "பயமா இருந்துச்சு கண்ணு. மறுக்கா குத்திப் பாத்து, மறுக்காவும் ஒண்ணுமில்லன்னு வந்துட்டா? எனக்குப் பயமா இருக்குதுன்னு சொன்னா அவரு ஒடஞ்சு போயிருவாரு. சாமி வேண்டாங்குதுன்னா எப்படியோ தாங்கிக்குவாரு" என்றார். சட்டையில் பூந்தாதோடு சின்னசாமி படியேறி வருவது கேட்டது. மாதம்மா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு என் காதோரம் குனிந்தார்.

"எனக்குத் தெரியும்ங்கறது அவருக்குத் தெரிய வேண்டாம்."

பதினாறு வருஷத்தில், கைக்கு வந்துவிட்ட ரிப்போர்ட்டை இன்னும் வரவில்லை என்று சொல்லி, வாய் நீளமான நான் சின்னசாமிக்குத் தெரியாமல் பூட்டி வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான்.